இடம் தெரியாத புற்றுநோய்க்கு மருந்தே இல்லையா?

எங்கள் சுங்கை சிப்புட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "புற்று எங்கே தொடங்கியது என்று டாக்டருக்கே தெரியாவிட்டால் மருந்து கிடையாது. ஊசி குத்திச் சதை எடுத்தால் உடனே பரவிவிடும்." இரண்டுமே தவறு.

புற்றுநோய்களில் ஏறத்தாழ 2 முதல் 5 விழுக்காடு இப்படித் தொடங்கிய இடம் தெரியாத வகைதான். தாய்க்கட்டி, அதாவது புற்று முதலில் தொடங்கிய கட்டி, பெரும்பாலும் மிகச் சிறியதாக ஒளிந்திருக்கும். வேறு இடத்துக்குப் பரவிய கட்டிதான் முதலில் தெரியவரும்.

அதில் எடுக்கும் சதைத்துண்டுதான் இங்கே உயிர்நாடி. அதை மெல்லிய சீவலாக அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, குறிப்பிட்ட புரதங்களைத் தேடிச் சாயமிடுவார்கள். எந்தப் புரதத்துக்குப் பழுப்பு நிறம் ஏறுகிறது என்று பார்த்து, மார்பகத்திலிருந்து வந்ததா, குடலிலிருந்தா என்று கணிப்பார்கள். ஊசி வழியாகப் பரவுவது மிக மிக அரிது. அதற்குப் பயந்து சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

சரி, அப்புறமும் இடம் தெரியாவிட்டால்? பெண்ணுக்கு அக்குள் நெறிக்கட்டியில் மட்டும் சுரப்பி வகைப் புற்று இருந்தால், மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சையையே தருவார்கள். கழுத்துக் கட்டியில் சில வகைகளுக்கு அறுவையும் கதிர்வீச்சும் நல்ல பலன் தரும். பலருக்கு இது கடுமையான நோய்தான், மறைக்கவில்லை. அவர்களுக்கும் கீமோ உண்டு, வலி தணிக்கும் மருத்துவம் உண்டு.

அக்கா, அண்ணன்மாரே, கழுத்திலோ அக்குளிலோ கட்டி இரண்டு மூன்று வாரமாகியும் கரையவில்லையா? அரசாங்க சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் போய்க் காட்டுங்கள்.