'கேஷ்' நம் காசிலிருந்து போகவில்லை

ஆங்கில 'கேஷ்' தமிழ்க் 'காசு'தான் என்ற பதிவு ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பகிர்கிறவர்களின் தமிழ்ப்பற்றை மதிக்கிறேன், ஆனால் செய்தி தவறு.

பணத்தைக் குறிக்கும் கேஷ், இத்தாலியின் 'காஸ்ஸா', பிரெஞ்சின் 'காஸ்' வழியாக வந்தது. பொருள், பணப்பெட்டி. அதற்கும் மேலே போனால் லத்தீனின் 'காப்ஸா', அதுவும் பெட்டிதான். பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. ஆங்கிலத்தில் இன்னொரு கேஷும் உண்டு. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயங்களை ஐரோப்பியர் அப்படி அழைத்தார்கள். போர்த்துகீசியர் வாய்வழி போன நம் காசு அதுதான். எழுத்துக்கூட்டல் ஒன்று, பிறப்பு வேறு. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

ஒலியும் பொருளும் ஒத்துப்போனால் மட்டும் உறவு ஆகிவிடாது. லத்தீன் 'ஹாபேரே'வுக்கும் ஆங்கில 'ஹேவ்'வுக்கும் பொருள் ஒன்றே, ஒலியும் நெருக்கம். ஆனாலும் உறவில்லை. லத்தீனில் 'க'வில் தொடங்கும் சொல்லுக்கு இணையான ஆங்கிலச் சொல் 'ஹ'வில் தொடங்கும்: 'கோர்னு'வுக்கு 'ஹார்ன்', 'கெந்தும்'முக்கு 'ஹண்ட்ரட்'. 1822இல் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் ஒழுங்குபடுத்திக் காட்டிய ஒலிமாற்றம் இது. அதன்படி ஹேவின் உறவுச்சொல், 'பிடி, எடு' என்று பொருள்படும் 'காபெரே'. காப்ஸாவும் அதே காபெரேயின் பிள்ளைதான். ஆக, கேஷுக்கு உண்மையான தூரத்துச் சொந்தம் ஹேவ்!

ஒரு சொல்லைச் சோதிக்க வேண்டுமென்றால் இன்றைய வடிவத்தை வைத்துக்கொண்டு ஒப்பிடாதீர்கள். பெரும்பாலான பிழைகள் அங்கேதான் நடக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி மேற்கோள்களை ஆண்டு வரிசையில் தருகிறது. மிகப் பழைய மேற்கோளில் சொல் எப்படி எழுதப்பட்டது, அப்போது என்ன பொருள் என்று முதலில் பாருங்கள். பிறகு அது எந்த மொழிகளின் வழியாக நகர்ந்தது, ஒவ்வொரு படிக்கும் சான்று இருக்கிறதா என்று தேடுங்கள். 'ஆரஞ்ச்' இந்தச் சோதனையில் தேறுகிறது. சமஸ்கிருத 'நாரங்க', பாரசீக 'நாரங்', அரபு 'நாரஞ்ச்', ஸ்பானிய 'நாரன்ஹா' என்று தடம் தெளிவாக இருக்கிறது. ஐரோப்பாவுக்குள் முதல் 'ந' உதிர்ந்தது. தொடக்கம் திராவிடம், நம் நாரத்தையின் இனம் என்பதே அறிஞர்கள் பலரின் கருத்து. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனதிலும் சுருட்டு 'செரூட்' ஆனதிலும் ஐயமே இல்லை. இவ்வளவு உறுதியான சொத்து கையில் இருக்கும்போது அதனோடு ஏன் பொய்யைக் கலக்க வேண்டும்? படிக்கிறவர் கட்டுமரத்தையும் சேர்த்தல்லவா சந்தேகிப்பார்?

முதலெழுத்துக் கதைகளும் இப்படித்தான். நான்கு திசைகளின் முதலெழுத்துகள் சேர்ந்து 'நியூஸ்' ஆயிற்றாம். இல்லை, 'நியூ'வின் பன்மை அது, புதியவை என்று பொருள். 'ரேடார்' போல முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்யும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. அதற்கு முந்தைய சொல்லுக்கு அப்படியொரு விரிவாக்கம் சொன்னால் நம்பாதீர்கள். 'ஆண்கள் மட்டும், பெண்களுக்குத் தடை' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் (Gentlemen Only, Ladies Forbidden) சுருக்கம் 'கோல்ஃப்' என்கிறார்கள். 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் போட்ட தடையிலேயே அந்த விளையாட்டின் பெயர் இருக்கிறது. வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்பதற்காக ஆண்களையும் விளையாடக் கூடாது என்று தடுத்த சட்டம் அது.