அது வெறும் அடம் இல்லை

"அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்றம் எல்லாம் வராது, அடிப்பதும் அழுவதும் அந்தக் குறைபாட்டின் இயல்பு" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. படிக்கிற பெற்றோர் யாரும் நம்பிவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

பிரிட்டனில் 1999, 2004 ஆண்டுகளில் நடந்த இரண்டு தேசியக் கணக்கெடுப்புகளின் தரவை எரிக் எமர்சன், கிறிஸ் ஹாட்டன் என்ற ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 18,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் 36 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. மற்ற பிள்ளைகளில் 8 சதவீதம்தான். வராது என்கிறீர்கள், நான்கு மடங்குக்கும் மேல் வருகிறது!

சரி, அப்படியானால் குறைபாடுதான் காரணம் என்றும் உடனே முடிவு கட்ட வேண்டாம். இந்தப் பிள்ளைகளின் குடும்பங்களில் வறுமையும் நெருக்கடிகளும் அதிகம். அந்த வித்தியாசத்தில் கணிசமான பங்கு அதோடு தொடர்புடையது என்று அதே ஆய்வு காட்டியது.

எல்லாவற்றையும் குறைபாட்டின் கணக்கில் எழுதும் இந்தப் பழக்கத்தை உளவியலாளர் ஸ்டீவன் ரைஸ் குழுவினர் 1982-லேயே ஆராய்ந்தார்கள். நோயறிதல் மறைப்பு என்று அதைச் சொல்லலாம். பேச்சு வராத பிள்ளைகளிடம் இதன் விளைவு கொடுமையானது. நேற்றுவரை நன்றாகத் தூங்கிய பிள்ளை திடீரென்று தூங்காமல் தன்னையே அடித்துக்கொண்டால், பல்வலியோ காதுவலியோ இருக்கலாம், வகுப்பில் யாரோ துன்புறுத்தலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். டாக்டரிடம் போகும்போது, என்ன செய்கிறான் என்பதோடு எப்போதிலிருந்து மாறினான் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள்.