குளியலறை பிரேக்கர் பேனல்: மாற்றும்போது பழைய வீட்டுக்கும் விலக்கு இல்லை

"வீடு பழையது, குளியலறையிலுள்ள பிரேக்கர் பேனலை (வீட்டு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பெட்டி) அதே இடத்தில் புதிதாக மாற்றலாம்" என்று அமெரிக்க வீட்டுக்காரர்களிடையே ஒரு தகவல் சுற்றுகிறது. நம்பாதீர்கள்.

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பின் (NEC) 240.24 பிரிவு, 1993 பதிப்பிலிருந்தே வீட்டுக் குளியலறையில் பிரேக்கர், ஃபியூஸ் வைப்பதைத் தடுக்கிறது. அதற்கு முன் முறைப்படி பொருத்தியது பொதுவாக அப்படியே இருக்கலாம். பேனலையே மாற்றினால் அது புது வேலை. உள்ளூர் ஆய்வாளர் பெரும்பாலும் இடம் மாற்றச் சொல்வார். வாஷ்பேசினோடு டாய்லெட் மட்டும் இருந்தாலும் அது குளியலறைதான்.

நீராவி படிந்து செம்பு முனைகளில் பச்சை பூக்கும். உள்ளே துருவேறிய பிரேக்கர், ஷார்ட் ஆகும்போது மின்சாரத்தைத் துண்டிக்காமலே போகலாம்.

இடம் மாற்றும்போது, பழைய பேனல் பெட்டியிலிருந்து பிரேக்கர்களைக் கழற்றி, மூடியுள்ள இணைப்புப் பெட்டியாக்கி, அங்கிருந்து வயர்களை வெளியே புதுப் பேனலுக்கு நீட்டலாம். மூடியைச் சுவரில் பூசி மறைக்கக் கூடாது. புதுப் பேனலுக்கு முன் 36 அங்குல ஆழம், 30 அங்குல அகலம் காலியாக வேண்டும்.