ஆற்றைப் பச்சையாக்கிய பிளம்பர்கள்
அயர்லாந்தின் புனிதரைக் கொண்டாடும் செயின்ட் பேட்ரிக் தினத்துக்கு அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஆற்றைப் பச்சையாக்குவார்கள். இது அயர்லாந்திலிருந்து வந்த பழக்கம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இல்லை, அது சிகாகோவிலேயே பிறந்தது. ஆற்றில் யார் திருட்டுத்தனமாகக் கழிவுநீர் விடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க பிளம்பர்கள் ஒரு சாயத்தைப் பயன்படுத்தினார்கள். அது பட்டு ஒருவர் உடை பச்சையானதைப் பார்த்துத்தான் பிளம்பர் சங்கத்தின் ஸ்டீபன் பெய்லிக்கு இந்த யோசனை வந்ததாம். 1962-இல் 100 பவுண்டு கொட்டியதில் ஆறு ஒரு வாரம் பச்சையாகவே கிடந்தது! அப்புறம் சுற்றுச்சூழல் எதிர்ப்பு வரவே தாவரச் சாயத்துக்கு மாறினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆற்றில் தூவும் அந்தச் சாயப் பொடியின் நிறம் ஆரஞ்சு. இதைப் பார்க்க டிக்கெட் கிடையாது, பாலத்தில் இடம் பிடித்தால் போதும். அதனால்தான் அயர்லாந்தோடு சம்பந்தமே இல்லாதவர்களும் பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இன்றும் படகில் போய்ப் பொடி தூவுவது பிளம்பர் சங்கத்தார்தான்.