சாட்சி சொல்ல வந்த தம்பி

தம்பி: அண்ணாச்சி, உங்களிடம் ஒரு சாட்சி சொல்ல வந்திருக்கிறேன்.

டெய்லர்: (மிஷினை நிறுத்திவிட்டு) வாங்க தம்பி, வாங்க! பதினொரு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக் கிடக்கிறேன். வக்கீல் அனுப்பினாரா?

தம்பி: வக்கீல் இல்லை அண்ணாச்சி. மேலே இருக்கிறவர் அனுப்பினார்.

டெய்லர்: ஐயையோ, மதுரைக்கே போய்விட்டதா? அந்த மனுஷன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. ஹைகோர்ட் என்றால் பீஸ் தனியாகக் கேட்பாரே.

தம்பி: பீஸே கிடையாது. எல்லாம் கிருபை.

டெய்லர்: கிருபையா? லேடி வக்கீலா?

தம்பி: கோர்ட் விஷயமே இல்லை அண்ணாச்சி. என் வாழ்க்கையில் கர்த்தர் செய்த அற்புதத்தைச் சொல்ல வந்தேன். எனக்குப் பத்து வயது இருக்கும்போது நான் கீழே விழுந்து...

டெய்லர்: நேரில் பார்த்தீர்களா?

தம்பி: விழுந்ததே நான்தான்.

டெய்லர்: விழுந்ததைக் கேட்கவில்லை. கர்த்தரை.

தம்பி: விசுவாசக் கண்களால் பார்த்தேன்.

டெய்லர்: எதிர்த்தரப்பு வக்கீல் சரியாக இந்த இடத்தில்தான் எழுந்து நிற்பார். போன வாய்தாவில் என் மைத்துனன் "பார்த்த மாதிரி இருக்கிறது" என்றான். அதற்கே ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நீங்கள் வேறு புதிதாகக் கண் கொண்டுவருகிறீர்கள்.

தம்பி: அண்ணாச்சி, உங்களைப் பார்த்ததுமே எனக்குள்ளே பெரிய பாரம்.

டெய்லர்: இறக்கி வையுங்கள். அந்த ஸ்டூல் மேலே வையுங்கள். ஜாக்கெட் துணி இருக்கிறது, பார்த்து.

(பட்டன் தைக்கச் சட்டையைக் கொடுத்துவிட்டு, பனியனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமாகவும் இருந்தது. ஏனென்றால் நானும் அந்தச் சபைத் தமிழில் வளர்ந்தவன். எங்களுக்குப் பாரம் என்றால் மூட்டை இல்லை, அக்கறை. ஆதாயம் என்றால் லாபம் இல்லை, ஆத்துமா. அறுப்பு என்றால் வயல் இல்லை, ஆட்களைச் சபைக்குள் சேர்ப்பது. வெளியே இருந்து வருகிறவருக்கு இதெல்லாம் எப்படிக் கேட்கும் என்று எங்களில் ஒருவரும் காது வைத்துப் பார்ப்பதில்லை.)

தம்பி: சரி, நேராகவே கேட்கிறேன். நித்திய ஜீவனைப் பற்றி யோசித்திருக்கிறீர்களா?

டெய்லர்: ஓ, எல்.ஐ.சி.யா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே. நான் ஜீவன் ஆனந்த் போட்டிருக்கிறேன் தம்பி. இது புதுசாக வந்த பாலிசியா? பிரீமியம் எவ்வளவு?

தம்பி: ஒரு பைசா கட்ட வேண்டாம். உங்களுக்காக ஏற்கெனவே ஒருவர் கட்டி முடித்துவிட்டார்.

டெய்லர்: யாரு, என் மைத்துனனா? அவன் கட்டமாட்டானே.

தம்பி: அண்ணாச்சி! இயேசு. நீங்கள் இயேசுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

டெய்லர்: (மிஷின் மேல் இருந்த கையை எடுக்கிறார்) இந்தக் கடைக்கு எப்படி வந்தீர்கள்? வழி கேட்டீர்களா?

தம்பி: கேட்டேன். ஊசிக் கோபுரத்தில் இருந்து வழி சொன்னார்கள்.

டெய்லர்: அந்த ஊசிக் கோபுரம் 1826-இல் கட்டின கிறிஸ்தவக் கோயில். பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிற சர்ச் அதற்கும் முந்தியது, 1785. பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு கேள்விப்படாமல் இருப்பதென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும் தம்பி. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். மனப்பாட வசனத்தில் எனக்கு முதல் பரிசு, ஐயர் மகனுக்கு இரண்டாம் பரிசு.

(வெளியூர்க்காரர்களுக்கு: திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அந்த ஐயர்மார் அங்கிகளில் பாதிக்கு மேல் இந்தக் கடையில் தைத்ததுதான்.)

தம்பி: வசனம் இவ்வளவு தெரிந்துமா நீங்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை?

டெய்லர்: ஏற்றுக்கொண்டேனே. எவர்சில்வர் டிபன் பாக்ஸ். இன்றைக்கும் அதில்தான் சாப்பாடு.

தம்பி: அது இல்லை, அண்ணாச்சி. அவர் உங்கள் வாசற்படியிலே நின்று தட்டுகிறார்.

டெய்லர்: தட்டுகிறார். எனக்கும் தெரியும். தட்டுகிறவர், கதவைத் திறக்கும்வரை நிற்பார். உள்ளே ஏறி உட்கார்ந்து நோட்டை விரித்தார் என்று அந்த வசனத்தில் இல்லையே. அது என்ன நோட்டு?

தம்பி: இது வந்து... ஆத்தும ஆதாயக் கணக்கு. இந்த மாதம் பத்துப் பேர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

டெய்லர்: நான் எத்தனையாவது?

தம்பி: ஏழு.

டெய்லர்: ஆறாவது ஆள் யாரு?

தம்பி: பக்கத்து டீக்கடை அண்ணன். நன்றாகக் கேட்டார்.

டெய்லர்: அவன் எல்லாரையும் நன்றாகக் கேட்பான். போன வாரம் சேகண்டி வைத்துக்கொண்டு குறி சொல்ல வந்தவனையும் நன்றாகத்தான் கேட்டான். நாலு டீ வியாபாரம் ஆகும்வரை கேட்பான். என்னை எப்படி ஆதாயம் என்று எழுதுவீர்கள்? வரவிலா, நிலுவையிலா?

தம்பி: அண்ணாச்சி, ஒரு உதாரணம் சொல்கிறேன். நீங்கள் துணியை வெட்டித் தைக்கிறீர்கள் இல்லையா? அதேபோல ஆண்டவரும்...

டெய்லர்: கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். என் கடைக்கு வருகிற ஐயர்மார் அத்தனை பேரும் என்னை வைத்துப் பிரசங்கம் பண்ணிவிட்டார்கள். பிரசங்கத்தில் தையல்காரன் வருகிறான், கூலி மட்டும் அடுத்த மாதம்தான் வருகிறது.

தம்பி: சரி, உதாரணம் வேண்டாம். நான் சாட்சியையே சொல்கிறேன். எனக்குப் பத்து வயது. கீழே விழுந்து, மூன்று நாள் கண் திறக்கவில்லை. அம்மா முழங்காலில் நின்று...

டெய்லர்: வாய்தா.

தம்பி: என்ன?

டெய்லர்: அந்தக் கதைக்கு வாய்தா போடுங்கள். இது நாளைக்குக் கல்யாணத்துக்குப் போகிற ஜாக்கெட். அப்புறம் கேட்கிறேன்.

(பத்து நிமிஷம் மிஷின் ஓடியது. அந்தப் பத்து நிமிஷமும் தம்பி சும்மா இருந்திருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். ஆனால் சும்மா இருப்பதைப் பின்வாங்கிப்போவது என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.)

தம்பி: அண்ணாச்சி, தப்பாக நினைக்காதீர்கள். அந்தப் படம். அதற்குப் போய்ப் பூப் போட்டிருக்கிறீர்களே. வெறும் காகிதம்தானே?

(மிஷின் நின்றது.)

டெய்லர்: உங்கள் பையில் இருக்கிறதும் காகிதம்தான். கை தவறிக் கீழே விழுந்தால் என்ன செய்வீர்கள்?

தம்பி: எடுத்துத் துடைத்து... அது வேதம், அண்ணாச்சி.

டெய்லர்: சரி. அந்த முருகன் என் அம்மா பழனியில் வாங்கிவந்தது. அதுதான் அவள் கடைசியாக நடந்து போன யாத்திரை. அதற்குக் கீழே தொங்குகிறதே, அது வசன காலண்டர். கிறிஸ்துமஸுக்கு எதிர் வீட்டு டீச்சர் கொடுத்தது. தினமும் காலையில் அதையும் வாசித்துவிட்டுத்தான் கத்தரியைத் தொடுவேன். ராகு காலம் மட்டும் அதில் போடமாட்டேன் என்கிறார்கள், அதனால் பக்கத்தில் இன்னொன்று மாட்டியிருக்கிறேன். அந்த டீச்சர் ஒரு நாளாவது முருகனைக் கழற்று என்று சொன்னது கிடையாது. அம்மா செத்தபோது மூன்று நாளும் இந்த வீட்டுக்குச் சாப்பாடு அங்கே இருந்துதான் வந்தது.

தம்பி: நான் அப்படிச் சொல்ல வரவில்லை...

டெய்லர்: அப்படித்தான் சொன்னீர்கள். அப்போஸ்தலன் பவுல் அத்தேனேக்கு, அதுதான் ஏதென்ஸ், போனபோது ஊர் முழுக்கச் சிலை. அவருக்கும் உள்ளே பொறுக்கவில்லைதான். ஆனால் வாயைத் திறந்ததும் என்ன சொன்னார்? "மிகுந்த தேவதாபக்தியுள்ளவர்களென்று காண்கிறேன்." அப்போஸ்தலர் பதினேழு, இருபத்திரண்டு. எனக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த அதிகாரம் தம்பி அது. சுற்றித் திரிந்து, கவனித்துப் பார்த்தேன் என்கிறார். நீங்கள் சுற்றிப் பார்த்தது என் சுவரில் இரண்டடி.

தம்பி: (சற்று நேரம் கழித்து) எங்கள் பயிற்சியிலும் பெரியவர்களைப் பற்றிச் சொன்னார்கள், அண்ணாச்சி. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் 1706-இல், அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். எத்தனை பாடு! டேனிஷ் கவர்னரே அவரை நாலு மாதம் சிறையில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகும் விடாமல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தார்.

டெய்லர்: இறங்கினதும் முதல் வேலையாக என்ன செய்தார்?

தம்பி: தமிழ் படித்தார். வாத்தியாரை வீட்டுக்கு வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார்.

டெய்லர்: மணலில்! அப்புறம்?

தம்பி: அப்புறம் இங்குள்ள ஆட்களிடம் உங்கள் சாமி என்ன, உங்கள் வழக்கம் என்ன என்று கடிதம் எழுதிக் கேட்டார். பதில் வந்ததில் தொண்ணூற்றொன்பது கடிதங்களை ஜெர்மன் மொழியில் போட்டு அங்கே அனுப்பினார்கள். ஹாலே என்கிற ஊரில் அச்சடித்தார்கள்.

டெய்லர்: தொண்ணூற்றொன்பது கடிதம்! என்ன எழுதியிருந்தார்கள்?

தம்பி: (தயங்கி) கிறிஸ்தவர்களை ஏன் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். மாடு தின்கிறார்கள், குடிக்கிறார்கள், கழுவிச் சுத்தமாக இருப்பதில்லை என்று.

டெய்லர்: அதையும் அச்சடித்தார்களா?

தம்பி: அடித்தார்கள்.

டெய்லர்: அட! உன் ஆள் குளிக்கிறதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதையும் கேட்டு, எழுதி, கப்பலில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். நீங்கள் வந்து அரை மணி நேரம் ஆயிற்று. என்னிடம் கேட்ட கேள்வி எத்தனை?

தம்பி: கேட்டேனே. நித்திய ஜீவன், இயேசுவைப் பற்றி...

டெய்லர்: அதெல்லாம் விடை கையில் இருக்கிற கேள்வி. ஒன்று பேதுரு மூன்று, பதினைந்து சொல்லுங்கள் பார்ப்போம்.

தம்பி: இதோ... ஒரு நிமிஷம் அண்ணாச்சி... (போனைத் தேய்க்கிறார்)

டெய்லர்: தேடுங்கள், தேடுங்கள். நான் என் சுவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரன் என் இடத்தில் ஒன்றரை அடி உள்ளே தள்ளிச் சுவர் கட்டிவிட்டு, அது தாத்தா காலத்துச் சுவர் என்கிறான். பூச்சில் சின்னப் பிள்ளை கை அச்சு பதிந்திருக்கிறது. இது என்னடா என்றால், எங்கள் தாத்தா சின்ன வயதில் வைத்த கை என்கிறான். அவன் தாத்தா பிள்ளையாக இருக்கும்போது இந்த ஊரில் சிமெண்ட் ஏது?

தம்பி: (போனில் இருந்து தலையைத் தூக்காமல்) ஆமென். கிடைத்துவிட்டது அண்ணாச்சி! "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்."

டெய்லர்: யாருக்கு?

தம்பி: யாவருக்கும்.

டெய்லர்: அதற்கு முன்னால் ஒரு வார்த்தையை விழுங்குகிறீர்கள்.

தம்பி: விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்.

டெய்லர்: அதுதான். பதினொரு வருஷம் கோர்ட்டில் நின்றவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். விசாரணை முடிந்த பிறகுதான் உத்தரவு. நீங்கள் விசாரணையே இல்லாமல் உத்தரவு போட்டுவிட்டீர்கள். முருகனுக்கு ஜப்தி நோட்டீஸ் வேறு.

(தம்பி பதில் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கைப்பிரதிகளைத் திணித்துத் திணித்து அவர் சட்டைப்பை ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது.)

டெய்லர்: நில்லுங்கள். இப்படியே தெருவில் போனால் டெய்லர் கடையில் அடித்துவிட்டார்கள் என்பார்கள். சட்டையைக் கழற்றுங்கள், ஒரு தையல் போட்டுத் தருகிறேன்.

(இப்போது பெஞ்சில் பனியனோடு இரண்டு பேர்.)

தம்பி: அண்ணாச்சி... அது என்ன கேஸ்?

டெய்லர்: சொன்னேனே.

தம்பி: அப்போது நான் வசனம் தேடிக்கொண்டிருந்தேன்.

டெய்லர்: மாவு மில் சந்தில் என் பூர்வீக வீடு. தடுப்புச் சுவர்த் தகராறு.

தம்பி: மாவு மில் சந்தா? பின்னால் ஒரு ஓட்டு வீடு, வாசலில் முருங்கை மரம்?

டெய்லர்: அந்த மரத்தை இப்போது வெட்டிவிட்டார்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்?

தம்பி: நாங்கள் அங்கேதான் வாடகைக்கு இருந்தோம். அண்ணாச்சி, அந்தச் சுவரில் இருந்துதான் நான் விழுந்தேன்! அன்றைக்குத்தான் பூச்சு முடித்திருந்தார்கள். ஈரத்தில் கையை வைத்து மேலே ஏறிவிட்டேன். கொத்தனார் கம்பை எடுத்துக்கொண்டு வந்தார், பயந்து அந்தப் பக்கம் குதித்தேன். அவ்வளவுதான் ஞாபகம். மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியில்தான் கண் திறந்தேன். அந்தச் சீட்டை அம்மா இன்னும் பைபிளுக்குள் வைத்திருக்கிறார். தேதி, முத்திரை எல்லாம் இருக்கிறது.

(டெய்லர் வாயில் கடித்திருந்த நூல் கீழே விழுந்தது.)

டெய்லர்: உங்களுக்கு இப்போது என்ன வயது?

தம்பி: இருபத்து நாலு.

டெய்லர்: தாத்தா கையாம் தாத்தா கை! ஏன் தம்பி, இதை வந்தவுடனேயே சொல்லக் கூடாதா?

தம்பி: இரண்டு தடவை ஆரம்பித்தேன் அண்ணாச்சி. நீங்கள்தான் விசாரிக்கவே இல்லை.

டெய்லர்: (என்னைப் பார்க்கிறார், நான் கூரையைப் பார்த்தேன். அப்புறம் வாசல் பக்கம் கத்துகிறார்) ஏலே, மூணு டீ! தம்பி, உட்காருங்கள். பத்து வயதில் இருந்து முழுசாகச் சொல்லுங்கள். நான் குறுக்கே பேசினால் இந்த அளவு டேப்பால் ஒன்று போடுங்கள். ஆனால் கூண்டில் ஏறினதும் சுவரில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். கர்த்தர் அப்புறம் வரட்டும்.

தம்பி: அது எப்படி அண்ணாச்சி? சுவரில் இருந்து விழுந்தவனைக் காப்பாற்றினதே அவர்தான். அவரை விட்டுவிட்டு எப்படிச் சாட்சி சொல்வது?

டெய்லர்: விட வேண்டாம். இரண்டாம் சாட்சியாகப் போட்டுக்கொள்வோம்.

தம்பி: சம்மன்?

டெய்லர்: எதற்குச் சம்மன்? வாசலில் நிற்கிறவர்தானே. கோர்ட் டவாலி ஒரு குரல் கொடுத்தால் போதும்.