தாடைக்கு மாஸ்க் போட்டு வருகிற சீசன்காரர்களே

பூங்காவுக்குப் போனால் கொரோனா வருமா என்று என்னிடம் இனி யாரும் கேட்காதீர்கள். பூங்கா ஒன்றும் செய்யாது. கேட்டைத் தாண்டுவதற்குள் நீங்கள் ஆடுகிற கூத்தில்தான் வரும்!

இது 2021 சித்திரை, நுவரெலியா சீசன். லீவு விட்டதும் கொழும்பிலிருந்து மலைக்கு வேன் வேனாக ஏறி வருகிறார்கள். வரட்டும். மரக்கறிக் கடைக்காரரும் குதிரைக்காரரும் நாலு காசு பார்க்கிற நேரம் இது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த வேனுக்குள் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேர், குளிர் என்று கண்ணாடியெல்லாம் மூடி, வழி நெடுக பைலாப் பாட்டு. கினிகத்தேனையில் ஒருத்தர் இருமினால் நானுஓயா வரைக்கும் அந்தக் காற்றைத்தான் எல்லோரும் மாறி மாறி இழுக்கிறார்கள். அங்கே ஒருவர் முகத்திலும் மாஸ்க் இல்லை. இறங்கி, காற்று சிலுசிலுவென்று அடிக்கிற வெட்டவெளிக்கு வந்ததும் ஞானம் பிறந்து, முழங்கை வரைக்கும் செனிடைசர் பூசுகிறார்கள். மாஸ்க் தாடைக்கு வரும். செல்ஃபி என்றால் அதுவும் பைக்குள் போய்விடும்.

அப்புறம் பூங்கா வாசலில் அந்த டிக்கட் வரிசை. தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மஞ்சள் வட்டம் போட்டிருக்கிறார்கள், ஒரு வட்டத்துக்குள் ஒரு குடும்பமே நிற்கிறது. மணிக்கட்டில் காய்ச்சல் பார்க்கிறார்கள். இந்தக் குளிரில் அது 34 என்று காட்டுகிறது, காவலாளியும் "சரி, போங்க" என்கிறார். உடம்புச் சூடு உண்மையிலேயே 34 என்றால் அந்த ஆளை ஆஸ்பத்திரிக்கல்லவா தூக்கிக்கொண்டு போக வேண்டும்! அடுத்தது பெயரும் போன் நம்பரும் எழுத ஒரு சீ.ஆர். கொப்பி, அதில் நூல் கட்டிய ஒரே பேனை. ஊரே தொட்ட பேனை. காலால் மிதித்துக் கை கழுவுகிற தொட்டியில் சவர்க்காரம் இல்லை.

2020 ஒக்டோபரிலேயே அரசாங்க வர்த்தமானி வந்துவிட்டது. மாஸ்க்கையும் ஒரு மீட்டர் இடைவெளியையும் கட்டாயமாக்கினார்கள், மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை என்றார்கள். 1897ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்துக் கொண்டுவந்த விதி. சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. தலை தெரிந்தால் மாஸ்க் மூக்குக்கு ஏறுகிறது, அவர் முதுகு தெரிந்தால் இறங்குகிறது.

உள்ளே போனாலும் இதே கதைதான். பேராதனைப் பூங்காவையே பாருங்கள், 147 ஏக்கர் கிடக்கிறது, எல்லோருக்கும் படம் எடுக்க ஒரே மரம்தான் வேண்டும். அந்தப் பக்கம் போய் நடந்தால் கால் வலிக்குமா?

எனக்கு ஏன் இவ்வளவு கொதி என்று கேட்கலாம். நாங்கள் இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்கு வந்து பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்து லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழெட்டுப் பேர். பக்கத்துக் காம்பராவில் அடுப்பு மூட்டினால் நமக்குக் கண் எரியும். தண்ணீருக்கு எல்லோரும் ஒரே பீலிக்குத்தான் போக வேண்டும். ஒருத்தருக்குத் தொற்று வந்தால் தனி அறையில் வையுங்கள் என்கிறார்கள். எந்த அறையில்? வாசல் திண்ணை இஸ்தோப்பிலா? 2020 மார்ச் 20ஆம் திகதி நாடே ஊரடங்கில் முடங்கியது, பிறகு அடையாள அட்டையின் கடைசி இலக்கம் பார்த்துத்தான் கடைக்குப் போக விட்டார்கள். கொழுந்து எடுக்கிறது மட்டும் நிற்கவில்லை. மலையில் தள்ளித் தள்ளி நின்று எடுத்தாலும், நிறுக்கும்போது மடுவத்தில் தோளோடு தோள் முட்டித்தான் நின்றார்கள். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த நம் பிள்ளைகளைக் கிருமியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள். அதே கொழும்பிலிருந்து கார் போட்டு வந்தால் உல்லாசப் பயணியாம்.

இப்படிப்பட்ட காம்பராவிலிருந்து ஒரு கிழவியையும் இரண்டு சின்னதுகளையும் ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வந்து நல்ல காற்று வாங்க வைக்க எங்களுக்கு இருப்பது இந்தப் புல்வெளிதான். மூச்சில் பரவுகிற நோய்க்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் எங்கே இருக்கிறது? நீங்கள் கேட்டடியில் குவிந்து தொற்று எண்ணிக்கையை ஏற்றிவிட்டால் முதல் பூட்டு இதற்குத்தான் விழும். நீங்கள் உங்கள் மேல்மாடிக்குப் போய் நிற்பீர்கள். நாங்கள் காம்பராவுக்குள் போக வேண்டும்.

போன ஞாயிறு வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு ஐயா, அவருடைய தொந்தி என் முதுகில் முட்டுகிறது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா, மாஸ்க்கையும் மேலே எடுங்க" என்றேன், மரியாதையாகத்தான்.

"வெளியில காத்துல கொரோனா வராது தங்கச்சி" என்கிறார், என் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டே.

காற்று எங்கே ஐயா வருகிறது, நமக்கு நடுவில் நீங்கள்தானே நிற்கிறீர்கள்!