மொய் லேப்டாப்புக்குக் காய்ச்சல்

(உசிலம்பட்டி, தேனி சாலை. ஒருவர் உள்ளே நின்றால் இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. மஞ்சள் பையில் லேப்டாப்போடு மாமா வருகிறார். இந்தப் பக்கம் காதுகுத்து, மொய் வாங்கவே வைக்கிற வசந்த விழா எதுவானாலும் இப்போது லேப்டாப்பிலும் மொய் எழுதுகிறார்கள். ரசீது கையோடு வந்துவிடும். மாமாவுக்கு அதுதான் தொழில்.)

மாமா: மாப்ள, ஒரு ரகசியம். கடையில் வேறு ஆள் இருக்கா?

மாப்பிள்ளை: இருந்தால் நீங்க எங்கே நிற்பீங்க? சொல்லுங்க மாமா.

மாமா: நேற்று ராத்திரியிலிருந்து இது மாவு மில் மாதிரி இரைகிறது. சும்மா வைத்திருந்தாலே கொதிக்கிறது. மேலே தோசை ஊற்றலாம்.

மாப்பிள்ளை: எதையாவது இறக்கினீங்களா?

மாமா: சேச்சே.

மாப்பிள்ளை: மாமா...

மாமா: ஒரே ஒரு சாஃப்ட்வேர். ரசீதில் பிள்ளையின் போட்டோ போட்டுத் தரச் சொல்கிறார்கள். போட்டோ சாஃப்ட்வேருக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டுமாம். நான் என்ன அதில் வாடகைக்கா குடியிருக்கப் போகிறேன்? தேடினேன், காசில்லாமல் பூட்டை உடைத்துத் தருகிற கிராக் கிடைத்தது.

மாப்பிள்ளை: ஜிப் ஃபைலா? பாஸ்வேர்டு கேட்டதா?

மாமா: கேட்டது. பக்கத்திலேயே 1234 என்று எழுதியும் வைத்திருந்தான். நல்ல மனுஷன்.

மாப்பிள்ளை: ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்று போட்ட பூட்டு அது.

மாமா: அதையும் முதலில் அணைத்துவிடச் சொல்லியிருந்தான்.

மாப்பிள்ளை: அணைத்தீங்களா?

மாமா: அணைக்காமல்? ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதியிருந்தான். என் கல்யாணப் பத்திரிகைகூட அவ்வளவு தெளிவாக இல்லை.

மாப்பிள்ளை: திருட வந்தவன் நாயைக் கட்டச் சொன்னான், நீங்க கட்டிவிட்டு டீயும் போட்டுக் கொடுத்திருக்கீங்க. அப்புறம்?

மாமா: டபுள் கிளிக் செய்தேன். கறுப்பாக ஒரு பெட்டி பளிச்சென்று வந்து மறைந்தது. சரி, நாம்தான் ஒழுங்காக அழுத்தவில்லை போல என்று இன்னும் நாலு தடவை அழுத்தினேன்.

(மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் வைஃபையைத் துண்டித்துவிட்டு விண்டோஸோடு வருகிற ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனைத் தட்டிவிடுகிறான். விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடுகிற ஸ்கேன். கால் மணி நேரம் பிடிக்கும். கால் மணி நேரம் மாமாவால் சும்மா இருக்க முடியாது.)

மாமா: உள்ளே உட்கார்ந்து என்னதான் செய்வான்?

மாப்பிள்ளை: இரைச்சலைப் பார்த்தால் உங்க லேப்டாப்பை வேலை வாங்கி, உங்க கரண்டில் அவன் கிரிப்டோ என்கிற டிஜிட்டல் நாணயம் தோண்டுகிறான்.

மாமா: அடப்பாவி! அதனால்தான் நேற்று மீட்டர் அப்படிச் சுற்றியதா?

மாப்பிள்ளை: அதைக்கூட விடுங்க. பிரவுசரில் பாஸ்வேர்டு சேமித்து வைத்திருக்கீங்களா?

மாமா: எல்லாம் அதில்தான். எனக்கு எது ஞாபகம் இருக்கிறது?

மாப்பிள்ளை: அதை மொத்தமாக அள்ளுகிற ஸ்டீலர் இருக்கிறது மாமா. நீங்க ஏற்கெனவே உள்ளே நுழைந்ததற்கு அடையாளச் சீட்டு மாதிரி பிரவுசர் வைத்திருக்கிற குக்கியும் சேர்ந்து போனால், பாஸ்வேர்டு, ஓடிபி எதுவும் இல்லாமலே உங்க மெயிலுக்குள் வந்து உட்காருவான். போனை எடுத்து இப்பவே எல்லாவற்றையும் மாற்றுங்க. லேப்டாப்பில் மாற்றாதீங்க, அதையும் பார்த்துக்கொண்டிருப்பான். எல்லா இடத்திலிருந்தும் வெளியேறு என்று ஒன்று இருக்கும், அதையும் அழுத்துங்க. பேங்கில் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிக்கணும்.

மாமா: பேங்கில் 340 ரூபாய் கிடக்கிறது, பாவம் எடுத்துக்கொள்ளட்டும். மொய் லிஸ்ட்?

மாப்பிள்ளை: ரான்சம்வேர் என்றால் லிஸ்ட்டைப் பூட்டிவிட்டு, திறக்கக் காசு கேட்பான். 2017-இல் வான்னாக்ரை அப்படித்தான் உலகம் முழுக்கப் பூட்டி, 300 டாலரை பிட்காயினில் கேட்டது.

மாமா: மொய் எழுதுகிறவனிடமே மொய்யா! மூன்று வருட லிஸ்ட் மாப்ள. அது போய்விட்டது என்று தெரிந்தால் பாதி ஊர் என்னை அடிக்க வரும், மீதிப் பாதி பொங்கல் வைக்கும்.

மாப்பிள்ளை: காப்பி எடுத்து வைக்கலையா?

மாமா: ஏன் இல்லை? பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறது.

மாப்பிள்ளை: எங்கே?

(மாமா லேப்டாப்பின் விலாவைக் காட்டுகிறார். சொருகிய பென் டிரைவ். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து, பென் டிரைவும் லேப்டாப்பும் ஒரே உடம்பாக ஒட்டியிருக்கின்றன.)

மாப்பிள்ளை: பூட்டுகிறவன் இதையும் சேர்த்துத்தான் பூட்டுவான்.

மாமா: சரி, தொகையை மாற்றுவானா? ஒரு சைபரைக் கூட்டி, குறைத்து?

மாப்பிள்ளை: திருடுவான், பூட்டுவான். உட்கார்ந்து சைபர் அழிக்க அவனுக்கு ஏது நேரம்?

(ஸ்கேன் முடிகிறது. நல்ல சாஃப்ட்வேர் வேஷத்தில் உள்ளே வந்த ட்ரோஜன்கள் இரண்டு.)

மாப்பிள்ளை: பூட்டவில்லை, தப்பித்தீங்க. இருந்தாலும் இதை நம்ப முடியாது. லிஸ்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடலாம். போட்டோவுக்கு ஜிம்ப் போட்டுத் தருகிறேன், இலவசம்.

மாமா: ஓசியா? வைரஸ் கியிரஸ் இருக்காதே?

மாப்பிள்ளை: (பல்லைக் கடித்தபடி) இருக்காது. இருங்க, லிஸ்ட் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்க்கிறேன். எங்க அப்பா பெயரைத் தேடுகிறேன்.

மாமா: வேறு பெயரைப் போடேன். ஊரில் ஆளா இல்லை?

மாப்பிள்ளை: உங்க வீட்டு வசந்த விழா... அப்பா 1,001? மாமா, அவர் வைத்தது 10,001. நான்தான் நோட்டை எண்ணிக் கொடுத்தேன்.

மாமா: பார்த்தாயா மாப்ள! நான் சொன்னேனே, சைபரைத் தின்கிற வைரஸ்!

மாப்பிள்ளை: ஃபைலைக் கடைசியாகத் திருத்தியது விழா முடிந்த மறுநாள் ராத்திரி 11:40 என்று காட்டுகிறது. கிராக் நேற்றுத்தானே இறக்கினீங்க?

மாமா: அது... பழைய வைரஸ் மாப்ள.